கேதத்துக்கு எதையும் அழுத்த வேண்டாம்

ஆகஸ்ட் 5, திங்கள்

மதுரையில் நடந்த வணிகர் கூட்டத்துக்குப் பந்தல்காரராகப் போன என் வீட்டுக்காரர் தொழிலதிபராகத் திரும்பி வந்திருக்கிறார். கழுத்தில் ஒரு நாடா, அதில் ஓர் அட்டை, அட்டையில் ‘தனுஷ்கோடி, மங்களம் பந்தல் ஸ்டோர், அருப்புக்கோட்டை’. அதைக் கழற்றாமலே சாப்பிட உட்கார்ந்தார். சாம்பாரில் ஒரு முறை நனைந்தது. துடைத்துவிட்டு மறுபடி நெஞ்சில் நிமிர்த்திவைத்துக்கொண்டார்.

“கனி, நாம வளந்துட்டோம்,” என்றார்.

எனக்குத் தெரியாமல் எப்போது வளர்ந்தோம் என்று கேட்கவில்லை. பசியோடு இருக்கிறவரிடம் எதற்கு வம்பு.

விஷயம் இதுதான். திருச்சுழியில் கிளை திறக்கப் போகிறோம். கடைக்குக் கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர், வண்டிகளுக்கு ஜிபிஎஸ், எல்லாவற்றுக்கும் ஒரே போன் நம்பர். இப்போது எங்களுக்கு இரண்டு நம்பர். ஒன்று இவரிடம் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை எல்லாம் அதில் வரும். பூப்பந்தல், மேடை, சிவப்பு சேர் போகும். இன்னொன்று என்னிடம். அது கேத வீடுகளுக்கு. சாமியானா, ஐஸ் பெட்டி, நீல சேர் போகும். இழவு விழுந்த வீட்டிலிருந்து போன் வந்தால் ‘வணக்கம்’ சொல்லக்கூடாது, ‘வாங்க’ சொல்லக்கூடாது. ‘சொல்லுங்க’ என்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் இத்தனை வருடமாக நான் பிழைப்பு நடத்துகிறேன்.

அந்த நம்பரைத்தான் எடுத்துவிடப் போகிறார்களாம்.

“உனக்கும் ரெஸ்ட் வேணும்ல,” என்றார்.

எனக்கு ஒரே சந்தோஷம். சந்தோஷத்தில் இரண்டு தோசை கருகிவிட்டது.

ஆகஸ்ட் 7, புதன்

குக்கருக்குப் புது கேஸ்கட் போட்டேன். இந்த வாரம் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரே தொழில்நுட்ப மேம்பாடு. பலன் உடனே தெரிந்தது.

ஆகஸ்ட் 12, திங்கள்

சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து அபிநயா என்கிற பெண் வந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கம். நல்ல மாதிரி. காபி கொடுத்தால் முழுவதும் குடிக்கிறாள், தம்ளரையும் கழுவி வைக்கிறாள். எங்கள் கடையில் இதுவே பெரிய மாற்றம்.

“என்னென்ன விசேஷத்துக்கு ஆர்டர் எடுக்கறீங்க சார்? ஒவ்வொண்ணா சொல்லுங்க, லிஸ்ட்ல போட்டுடறேன்.”

இவர் விரல் மடக்கிச் சொன்னார். கல்யாணம், நிச்சயதார்த்தம், காதுகுத்து, சடங்கு, கிரகப்பிரவேசம், கோயில் கொடை. அப்புறம் நிறுத்தினார். “அப்புறம்... அதுவும் உண்டு.”

“எது சார்?”

இவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவளே புரிந்துகொண்டாள். “டெத்துங்களா சார்?” என்று கேட்டபடி விரலைக் கொண்டுபோனாள். இவர் பாய்ந்து கீபோர்டு மேல் துண்டைப் போட்டுவிட்டார்.

“அம்மா, அதை அடிச்சிறாதீங்க. இன்னும் பூசையே போடல. புது மெஷின்ல அந்த எழுத்து விழவே கூடாது.”

“அப்ப அதை எப்படிங்க சார் என்டர் பண்றது?”

“இதர விசேஷம்னு போடுங்க. எங்களுக்குத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரியும்ங்க சார். சிஸ்டத்துக்குத் தெரியாதுங்களே.”

“பழகப் பழகத் தெரிஞ்சிரும்.”

அவள் என்னைப் பார்த்தாள், இந்த வீட்டில் புத்தியுள்ள ஆள் நான்தான் என்கிற நம்பிக்கையோடு. நானும் இவர் பக்கமே தலையாட்டினேன். என்ன செய்வது, கடைக்குள் அந்தச் சொல்லை நாங்கள் யாரும் சொல்வதில்லை. ஐஸ் பெட்டியைக்கூட ‘பெரிய பெட்டி’ என்றுதான் சொல்வோம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பந்தல்குடியிலிருந்து அக்கா போன் செய்தாள். இவருடைய அண்ணன் பெண்டாட்டி. பெரிய அத்தானுக்கு மூச்சுவாங்குகிறதாம், படுத்தால் தூங்க முடியவில்லையாம், உட்கார்ந்தே இருக்கிறாராம்.

அண்ணனும் தம்பியுமாகத்தான் இந்தக் கடையைத் தொடங்கினார்கள். மூங்கிலைச் சைக்கிளில் கட்டி எடுத்துப் போவார்கள். இவர் முதல் ஐஸ் பெட்டி வாங்கி வந்த அன்று பெரிய அத்தான், “தாலி கட்டுற பந்தல் போடுற கையால இதத் தொடாதடா. எனக்கே ஒண்ணு ஆனாலும் இந்தப் பெட்டி என் வாசலுக்கு வரக்கூடாது,” என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். அதுவும் அந்தக் காலத்துப் பெட்டி, ரைஸ்மில் மாதிரி சத்தம் போடும். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. நல்லது கெட்டதில் எதிரே பார்த்தால் ஆளுக்கு ஒரு தூணைப் பார்த்து நிற்பார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். “இந்த வாரம் டேட்டா ஏத்துற வேலை இருக்கு,” என்றார். டேட்டா என்றால் என்ன என்று போன வாரம்தான் இவருக்கே தெரியும்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஆவணி முகூர்த்தம் பார்த்துத் திறப்பு விழா. கம்ப்யூட்டருக்கு மஞ்சள், குங்குமம், சந்தனம். பிரின்டருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பிரின்டர் உடனே மக்கர் செய்தது. பழத்தை எடுத்ததும் ஓடியது.

புது நம்பருக்கு அடித்தால் முதலில் நாதஸ்வரம். பிறகு ஒரு பெண் குரல்: “மங்களம் குடும்பத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம். திருமணத்திற்கு எண் ஒன்றை அழுத்தவும்.” அப்படியே போய்க் கடைசியில், “இதர விசேஷங்களுக்கு எண் ஏழை அழுத்தவும்.” தகப்பனைப் பறிகொடுத்தவன் நாதஸ்வரத்தை முழுதாகக் கேட்டுவிட்டு, ஏழு வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்து அழுத்த வேண்டும். இதற்குப் பெயர் வாடிக்கையாளர் அனுபவம் என்று மதுரைக் கூட்டத்தில் சொன்னார்களாம்.

என் பழைய போனைப் பீரோவில் வைத்துவிட்டேன். சார்ஜ் போட்டுத்தான் வைத்தேன். பேட்டரி கெட்டுவிடக் கூடாதே.

ஆகஸ்ட் 28, புதன்

மத்தியானம் துவரம்பருப்பைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். பீரோ அடித்தது.

எடுக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். கை எடுத்துவிட்டது. “சொல்லுங்க,” என்றேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. இந்தத் தொழிலில் அது பழக்கம்தான். நம்பரை அடித்துவிட்டுப் போனை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நாம்தான் பேச வேண்டும்.

“பக்கத்துல பெரியவங்க யாரு இருக்கா?” என்று கேட்டேன். சித்தப்பா இருக்கிறார் என்று ஒரு பெண் சொன்னது. “சரிம்மா, போன அவங்ககிட்ட குடு. நீ உள்ள போய் அம்மாகூட இரு. நான் பாத்துக்கிறேன்.” தெருப் பெயர் கேட்டேன். டிரைவர் லூர்துவுக்குப் போன் செய்தேன். நீல சேர் ஏறியது, பெட்டி ஏறியது, வண்டி போய்விட்டது.

கம்ப்யூட்டரிடம் சொல்லவில்லை. அதற்கு ஏற்கெனவே நிறைய வேலை.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஒன்று என்றால் பரவாயில்லை. தினமும் பீரோ அடிக்கிறது. புது நம்பரைத் துண்டுச்சீட்டில் அடித்து ஊர் முழுக்கக் கொடுத்தார்கள். ஆனால் துக்கத்தில் இருக்கிறவர்கள் துண்டுச்சீட்டைத் தேடுவார்களா? விரல் பழைய நம்பருக்குத்தான் போகிறது.

இவர் கம்ப்யூட்டர் திரையில் வட்டம் போட்ட படத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சிவப்பு வட்டம் பெரிதாக இருக்கிறது. கேத வீட்டு நீலம் ஒரு கீற்று.

“என்ன கனி, நம்ம சைடு பிசினஸ் இப்படிப் படுத்துருச்சு?”

“ஊர் ஆரோக்கியமா இருக்கு போல,” என்றேன்.

அபிநயாவின் கம்பெனிக்காரர்கள் யோசித்து, விளம்பரம் போதவில்லை என்று கண்டுபிடித்தார்கள். இவர் இன்னொரு பேக்கேஜ் வாங்கிவிட்டார். விசேஷம் முடிந்த மூன்றாம் நாள் வாடிக்கையாளருக்குத் தானாகவே வாழ்த்துச் செய்தி போகுமாம், நட்சத்திரம் கேட்குமாம். கேட்கட்டும்.

செப்டம்பர் 6, வெள்ளி

அபிநயா கேள்வி ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. “சார், லூர்து அண்ணா வண்டி புக்கிங்கே இல்லாத தெருவுல எல்லாம் நிக்குதுங்க. ஜிபிஎஸ்ல காட்டுது,” என்றாள். அவ்வளவுதான். இவருக்கு முகம் சிவந்துவிட்டது. லூர்துவைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் நிறுத்தினார்.

“என் பெட்டியவே வச்சுத் தனியா கடை நடத்துறியா?”

லூர்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். “அப்படியெல்லாம் இல்ல அண்ணாச்சி,” என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் கோபமாவது வந்திருக்கும். அவனுக்குப் பெண் கல்யாண வயதில் இருக்கிறாள். திருட்டுப் பட்டம் வாங்கிக்கொண்டு நிற்கிறான், என் பீரோவுக்காக.

“நான்தான் அனுப்புனேன்,” என்றேன். “பழைய நம்பருக்கு வந்துச்சு. நான் எடுத்தேன்.”

இவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மெல்லிசாக, “மாசக் கடைசியோட அந்த நம்பர நிறுத்திருவோம். ஒரு கடைக்கு ரெண்டு முதலாளி சரிவராது,” என்றார். லூர்துவின் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

எனக்கு வலித்தது. எழுதிவைக்கிறேன், வேறு யாரிடமும் சொல்லப் போவதில்லை.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. இவரும் நானும் பேசவில்லை. கொழுக்கட்டை மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

செப்டம்பர் 11, புதன்

பால் பண்ணை கணேசமூர்த்தியின் அப்பா தவறிப்போனார். கணேசமூர்த்தி இவருக்குச் சிநேகிதர் என்பதால் நேராக இவரிடமே வந்து சொல்ல, இவரும் ஆசையோடு கம்ப்யூட்டரில் தானே ஏற்றினார். இதர விசேஷம். இன்று மூன்றாம் நாள். உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது கணேசமூர்த்தியின் போனுக்கு வந்தது:

“மங்களம் குடும்பத்தின் இனிய வாழ்த்துகள். உங்கள் இல்ல விசேஷம் சிறப்பாக நடந்ததில் பெருமகிழ்ச்சி. மீண்டும் மீண்டும் சேவை செய்ய வாய்ப்பளியுங்கள். அடுத்த விசேஷத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி.”

கூடவே வெடிக்கிற மாதிரிப் பட்டாசுப் படம். அடியில் ஐந்து நட்சத்திரம்.

கணேசமூர்த்தி கடை வாசலில் வந்து நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், “மறுபடி யாரு சாகணும் தனுஷ்கோடி?” என்று கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் இவரும் பதில் சொல்லியிருப்பார்.

அவர் போன பிறகு இவர் கம்ப்யூட்டர் மேல் துண்டைப் போட்டு மூடினார். நான் தண்ணீர் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து எங்களுக்குள் நடந்த முதல் கொடுக்கல் வாங்கல்.

செப்டம்பர் 12, வியாழன்

தப்பு செய்தவர் சும்மா இருந்தால் ஒரு தப்போடு போயிருக்கும். இவர் விடியற்காலையிலேயே அபிநயாவுக்குப் போன் போட்டு, இதர விசேஷத்தில் இருக்கிற எல்லோருக்கும் உடனே வருத்தச் செய்தி அனுப்பச் சொன்னார். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தார்.

“சார், அதுல வேற யாரும் இருக்காங்களான்னு ஒரு தடவை பாத்துக்கலாங்களா?”

“எல்லாம் நம்ம ஆளுகதாம்மா. அனுப்புங்க.”

அனுப்பினாள். “உங்கள் இல்லத்தில் நேர்ந்த ஈடுசெய்ய முடியாத இழப்புக்கு ஆழ்ந்த இரங்கல்.” அன்றைக்கு விரல் மடக்கிச் சொன்ன லிஸ்டில் இவர் வளைகாப்பை விட்டுவிட்டார். அதனால் வக்கீல் இன்பசேகரன் வீட்டு வளைகாப்பும் இதர விசேஷத்தில்தான் இருந்தது. பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம்.

வக்கீலின் அம்மா போன் செய்த விதத்தை இங்கே எழுத முடியாது. தாள் தாங்காது.

இதற்கெல்லாம் மெசேஜில் மன்னிப்புக் கேட்க முடியாது, நேரில்தான் போக வேண்டும் என்று சொன்னேன். இவர் கிளம்பினார். வக்கீலின் அம்மா இவரை வாசற்படி ஏறவிடவில்லை. பெரிய பூசணிக்காய் ஒன்றைக் கொடுத்து, பெண்ணை வாசலில் நிறுத்தி, மூன்று சுற்றுச் சுற்றித் திருஷ்டி கழித்து நடுத்தெருவில் உடைக்கச் சொல்லியிருக்கிறார். தொழிலதிபர் உடைத்துவிட்டு வந்தார். சட்டை முழுக்கப் பூசணி விதை.

நான் கணேசமூர்த்தி வீட்டுக்குப் போனேன். பெண்கள் கூட்டத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். மன்னிப்பு என்று வாயைத் திறந்தேன். கணேசமூர்த்தியின் மனைவி என் கையைப் பிடித்து, “எங்க அத்தை மூணு நாளா ஒரு வாய் தண்ணி குடிக்கல மதினி. அந்த மெசேஜ வாசிச்சதும், ‘பத்து சதவீதம் தள்ளுபடியாம், இந்த மனுசன் இருந்தா பேரம் பேசியிருப்பாரே’ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. அப்புறந்தான் அழுதாங்க. காபி குடிச்சாங்க,” என்றாள்.

அந்த அம்மாவைப் பார்த்தேன். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். கேத வீட்டில் ‘போயிட்டு வாரேன்’ சொல்லக்கூடாது. அதனால் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். தெரு திரும்பிய பிறகுதான் கண்ணைத் துடைத்தேன்.

இரவுச் சாப்பாட்டில் இவர் சட்டென்று, “நேர்ல போறதுதான் சரி போல,” என்றார்.

“எங்க?”

“பந்தல்குடிக்கு.”

நான் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

செப்டம்பர் 14, சனி

போய்விட்டு வந்தார். வந்ததும் துண்டை உதறிப் போட்டுவிட்டுக் கை கால் கழுவினார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லமாட்டார், கேட்காவிட்டால் கொட்டிவிடுவார்.

“ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல,” என்றார். “நானும் பேசல. அப்புறம் அண்ணன், ‘ஏல, அந்தப் பெட்டி இன்னும் சத்தம் போடுதா’ன்னு கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“‘புதுசு வாங்கியிருக்கேண்ணே, சத்தமே வராது’ன்னேன். ‘அப்பச் சரி’ன்னான்.”

நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 16, திங்கள்

அபிநயா வந்து லிஸ்டைத் திருத்தினாள். ‘கேதம்’ என்று அடிக்கும்போது இவர் கண்ணை மூடிக்கொண்டார். கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. இனி அந்தப் பக்கத்துக்கு வாழ்த்தும் போகாது, நட்சத்திரமும் கேட்காது.

“நாதஸ்வரத்தை எடுத்துட்டேங்க அக்கா. ஆனா ஏழாம் நம்பர் வரைக்கும் அவங்க நிக்கணுமே, அதுக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல,” என்றாள்.

“அவங்கள எதுக்கு அழுத்தச் சொல்ற? கல்யாண வீட்டுக்காரங்க அழுத்தட்டும், அவங்களுக்குக் கை நல்லாத்தான் இருக்கு,” என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். சிரித்தாள். ஏதேதோ தட்டினாள். இப்போது புது நம்பருக்கு அடித்தால் முதல் வரியே இதுதான்: “கேதமென்றால் எதையும் அழுத்த வேண்டாம். அப்படியே இருங்கள்.” அப்படியே இருந்தால் என் போனுக்கு வரும் என்றாள். என் போன் மாசக் கடைசியில் இருக்குமா என்று இவரைக் கேட்டாள்.

“பாக்கலாம்,” என்றார் இவர். ‘பாக்கலாம்’ என்று சொல்லி இவர் பார்த்தது எதுவும் எனக்கு நினைவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

காலையில் இவர் மறுபடி பந்தல்குடிக்குப் போனார். அண்ணனுக்குப் பிடிக்கும் என்று சேவு வாங்கிக்கொண்டு போனார்.

மத்தியானம் கடையில் என் பழைய போன் அடித்தது. திரையில் ‘முதலாளி’ என்று வந்தது. நான்தான் அப்படிப் பதிந்துவைத்திருக்கிறேன், வேறு பெயர் தோன்றவில்லை. சேர் கணக்கு கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று எடுத்தேன்.

“சொல்லுங்க.”

பதில் இல்லை. பின்னால் பெண்கள் சத்தம். எனக்குப் புரிந்துவிட்டது. இவரிடம் புது நம்பர் இருக்கிறது, ஆப் இருக்கிறது, அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டி கிளம்பிவிடும் என்று இவரே ஊரெல்லாம் செய்துகாட்டியிருக்கிறார். இருந்தும் நிறுத்தப் போகிற நம்பரைப் பிடித்துக்கொண்டு, ஊரில் மற்றவர்கள் நிற்கிற மாதிரியே நிற்கிறார். ‘என்னங்க’ என்று கூப்பிட வாய் வந்தது. கூப்பிட்டால் இரண்டு பேரும் அழுதுவிடுவோம், வேலை நடக்காது. அதனால் எல்லோரிடமும் கேட்பதையே கேட்டேன்.

“பக்கத்துல பெரியவங்க யாரு இருக்கா?”

“இனிமே நான்தான் கனி,” என்றார்.

“சரி. நீங்க அக்காகூட இருங்க. நான் பாத்துக்கிறேன்.”

போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். புதுப் பெட்டி பாலையம்பட்டியில் வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருப்பதைத் திரையே காட்டியது. லூர்துவை அங்கிருந்தே திருப்பிவிட்டேன். முன்பென்றால் கடைக்கு வந்துதான் போயிருப்பான். அபிநயாவுக்கு இதில் ஒரு நன்றி உண்டு. நேரில் சொல்ல மாட்டேன், பேக்கேஜ் விற்றுவிடுவாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது நீல சேர் வரிசையாகப் போட்டிருந்தது. பெட்டியை லூர்துவும் இவருமாகத்தான் இறக்கியிருக்கிறார்கள், வேறு யாரையும் தொடவிடவில்லையாம். எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவர் மட்டும் குனிந்து பெட்டியில் காதை வைத்துக்கொண்டிருந்தார். சத்தம் வருகிறதா என்று பார்க்கிறார். பிறகு நிமிர்ந்து அண்ணன் முகத்தைப் பார்த்து, வரவில்லை என்கிற மாதிரித் தலையை ஆட்டினார்.

செப்டம்பர் 21, சனி

ஒரு வரிகூட எழுதத் தோன்றவில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

மாசக் கடைசி. காலையிலிருந்து போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். எப்போது உயிர் போகும் என்று தெரியவில்லை. நானாகக் கேட்கப் போவதில்லை. எனக்கும் மானம் உண்டு.

இவர் காலையில் பொட்டுக்கடலைச் சட்னியில் உப்புக் கூட என்றார். மத்தியானம் திருச்சுழிக் கிளைக்குச் சேர் அனுப்பினார். நீல சேரை லூர்து எண்ண, சிவப்பு சேரை இவர் எண்ணினார். போனைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

சாயங்காலம் போன் ஒரு முறை துள்ளியது. போன் கம்பெனிக்காரர்களின் மெசேஜ். ஒரு வருடத்துக்கு ரீசார்ஜ் செய்யப்பட்டதாம். வாழ்த்துகளாம். நிமிர்ந்து பார்த்தேன். இவர் கம்ப்யூட்டர் திரையில் வட்டங்களை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது.

பின்னாலேயே இன்னொரு மெசேஜ். இந்த ரீசார்ஜ் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

நான்கு கொடுத்தேன். ஐந்தும் கொடுத்தால் இவரைப் பிடிக்க முடியாது.